எழுத்துரு காணவில்லை



ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. காதால் கேட்டால் ஒன்றும் விளங்காது. திரையில் பார்த்தாலும் விளங்காது. ஆனால் பாமினி எழுத்துருவில் இந்த ஐந்து விசைகளையும் தட்டினால் வருவது 'தமிழ்' என்ற சொல். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். பக்கம் பக்கமாக அப்படியே ஓடும்.

டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கிய பழைய கோப்புகளை இப்போது திறந்து பார்க்கும் பலருக்கும் இதுதான் நடக்கிறது. ஆய்வேடு, ஊர் வரலாறு, கோயில் மலர், சிறுபத்திரிகையின் பழைய இதழ்கள், அப்பா எழுதிவைத்த நினைவுக் குறிப்பு என்று எத்தனையோ. 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று சொல்லி அழித்துவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை கெடவே இல்லை. எழுத்துரு மட்டும்தான் இல்லை. அதைக் கண்டுபிடிப்பது எப்படி, எழுத்தை மீட்பது எப்படி என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ நாம் சேமிக்கும் கோப்புக்குள் பொதுவாக எழுத்தின் வடிவம் இருப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண், இந்த எண்ணை இன்ன எழுத்துருவில் காட்டு என்று ஒரு பெயர், இவ்வளவுதான் இருக்கும். வடிவம் இருப்பது எழுத்துரு என்ற தனிக் கோப்பில். அது கணினியில் இருக்க வேண்டும். கோப்பைத் திறந்ததும் மென்பொருள் அந்தப் பெயரைத் தேடும். கிடைக்காவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் வேறொன்றைப் போட்டுக் காட்டிவிடும். வேர்டில் மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் பழைய பெயரே தெரிந்துகொண்டிருப்பதால், ஆள் மாறியது நமக்குத் தெரிவதில்லை. லிப்ரே ஆபிஸ் சற்றுத் தேவலை: இல்லாத எழுத்துருவின் பெயரைச் சாய்வெழுத்தில் காட்டும்.

திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் நிதானமாகப் பாருங்கள். தமிழாகவே தெரிந்து, எழுத்தின் அழகு மட்டும் மாறி, வரிகள் இடம்பெயர்ந்து, பத்துப் பக்கம் பன்னிரண்டு பக்கமாகியிருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. எழுத்து பத்திரமாக இருக்கிறது. லதா எழுத்துருவில் செய்த கோப்புகளில் இது நிறைய வரும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த லதாவையும், பின்னால் வந்த விஜயாவையும் விண்டோஸ் 10-இல் கூடுதல் வசதிப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்கள். நிர்மலா மட்டும் தானாக வரும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய், தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்பிவிடும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் கவலை இல்லை. அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளுக்கு வடிவம் இல்லை என்பதற்கு அது அடையாளம். கட்டங்களைத் தேர்ந்தெடுத்து நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும். இந்தக் கட்டங்களை ஒழிப்பதற்கென்றே கூகுள் உருவாக்கிய எழுத்துருக் குடும்பம் நோட்டோ. அதைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

தொல்லை தருவது மூன்றாவது வகை. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளும் நிற்கும் வகை. அதற்குக் காரணம் தெரிந்தால்தான் வழியும் தெரியும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்ற முறையான யூனிகோடு பரவுவதற்கு முன்னால், ஓர் எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள்தான். அதில் முதல் பாதியை ஆங்கிலமும் எண்களும் நிறுத்தக்குறிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. நம்முடைய 247 எழுத்துகளை அதற்குள் அடக்க முடியாது. ஆகவே எழுத்துரு செய்தவர்கள் கொம்பு, கால், கொக்கி, புள்ளி என்று துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த இடங்களில் வைத்தார்கள். ஆங்கில ஜே இருந்த இடத்தில் 'த' வடிவத்தை வரைந்து வைப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஜே-தான். நம் கண்ணுக்கு மட்டும் 'த'. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை என்றே நான் சொல்வேன். அச்சுக் கோத்துக்கொண்டிருந்த தமிழ் கணினிக்கு வந்தது அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான். ஆனால் எதை எங்கே வைப்பது என்பதில் ஒருவருக்கொருவர் உடன்பாடு இல்லை. இலங்கையில் பாமினி பரவியது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார் புழங்கியது. அச்சகங்களில் ஸ்ரீலிபி. இணைய மடலாடல் குழுக்களில் டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டேப் என்று இரண்டு குறியேற்ற முறைகள் தரமாக வந்தன. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும், அது நம் மேசைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்ற முறையையும் தரமாக அறிவித்தது. அதுவரை எழுதியதில் நிறைய இப்படிப் பல முறைகளில் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே இந்த மூன்றாவது வகைக் கோப்பில் எழுத்துருவின் பெயர்தான் சாவி. அது தொலைந்தால் பூட்டைத் திறப்பது கஷ்டம். இதனால்தான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: குழப்பமாகத் தெரிகிறதே என்று, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்துவிடாதீர்கள். முதலில் கோப்பை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில், புரியாத வரியின் நடுவே ஒரு கிளிக். மேலே பெட்டியில் தெரியும் பெயரை எழுத்துப் பிசகாமல் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பில் ஒரு பெயர், பத்தியில் ஒரு பெயர் என்று இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் என்ற பொத்தான் இருக்கும். கோப்பு கேட்கும் எந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அதற்குப் பதில் எதைப் போட்டிருக்கிறது என்று அது பட்டியல் காட்டும்.

பெயர் தொலைந்தாலும் சிலசமயம் வழி கிடைக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் ஊர்க் கோயிலின் திருப்பணி வரலாற்றைப் பென் டிரைவில் என்னிடம் கொண்டுவந்தார். அறுபது பக்கத்துக்கு மேல் இருக்கும். உதவி செய்வதாக நினைத்து யாரோ முழுவதையும் ஏரியலுக்கு மாற்றிச் சேமித்திருந்தார்கள். எங்கே கிளிக் செய்தாலும் ஏரியல். பெயர் போய்விட்டதே என்று அவர் தளர்ந்துபோனார். ஆனால் வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தின் தலைக்குறிப்பும் அடிக்குறிப்பும் அதில் சேராது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் கோயிலின் பெயர் சின்னதாக இருந்தது. அதன்மேல் இரட்டைக் கிளிக் செய்ததும் பெட்டியில் பாமினி என்று வந்தது. பாமினியை நிறுவி, பத்திகளுக்கும் அதையே கொடுத்தோம். அறுபது பக்கமும் தமிழாகத் திரும்பியது. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை; முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

தலைக்குறிப்பிலும் பெயர் இல்லையென்றால் எழுத்துகளின் சாயலைப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்துகளாகவே இருந்து, எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி தெறித்துக் கிடந்தால் அது பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி விசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. தமிழிலோ மெய்யெழுத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கில எழுத்துகளோடு பவுண்டு நாணயக் குறியும், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து வந்தால் வானவிலை முயன்று பாருங்கள். ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காகத் தெரிந்து, தமிழ் மட்டும் முழுக்க முழுக்க விநோதக் குறிகளாக இருந்தால் டிஸ்கி அல்லது டேப் என்று சந்தேகிக்கலாம். அந்த இரண்டும் ஆங்கிலத்தைத் தொடாமல் மேற்பாதி இடங்களில் தமிழை வைத்தவை.

பெயர் தெரிந்தபின் எழுத்துருவை நிறுவுவது சுலபம். நம்பகமான இடத்திலிருந்து வாங்குங்கள். விலைக்கு விற்கும் எழுத்துரு என்றால் உரிமம் பெற்றே போடுங்கள். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து, எல்லாப் பயனருக்கும் நிறுவு என்ற தேர்வைக் கொடுப்பது நல்லது. உங்களுக்கு மட்டும் என்று நிறுவினால் சில மென்பொருள்களின் கண்ணில் படாமல் போகலாம். மேக் கணினியில் ஃபான்ட் புக். பிறகு வேர்டை முழுக்க மூடித் திறக்க வேண்டும். அந்த ஒரு கோப்பை மட்டும் மூடித் திறந்தால் போதாது. செல்போனில் திறந்து பார்த்து ஏமாற வேண்டாம்; வாட்ஸ்அப்பில் வந்த பாமினிக் கோப்பு போனில் குழப்பமாகத்தான் தெரியும்.

படிக்க முடிந்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். கையோடு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பாமினி, டிஸ்கி, டேப், டாம், வானவில் என்று பலவற்றையும் கையாளும். பழைய முறை எது என்று சரியாகச் சொன்னால் ஒரு நொடியில் வேலை முடியும். இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்துப் பொருளற்ற எழுத்துக்கோவை ஆக்கிவிடும். அந்த இடங்களை முன்பே குறித்துவைத்துக்கொள்வது உத்தமம்.

மாற்றியபின் கட்டாயம் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். குறிப்பாக மூன்று இடங்களில் கண் வையுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்ட் தானாகவே பெரிய எழுத்தாக்கும் அல்லவா? பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. எனவே 'தமிழ்' என்று தட்டினால் 'துமிழ்' ஆகியிருக்கும். வாக்கியத் தொடக்கங்களில் இப்படி ஒட்டிக்கொண்ட உகரங்கள் இருக்கும். அடுத்தது 'ர்'. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் 'அவர்கள்' என்று அடிக்கும்போது, 'ர' போட்டுப் புள்ளி வைக்காமல், காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. எல்லா மாற்றியும் இதைச் சரிசெய்யும் என்று சொல்ல முடியாது. 'அவர்கள்' என்று தேடினால் கிடைக்கவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும். காலும் புள்ளியும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் தேடி, 'ர்' என்று மாற்றக் கொடுத்தால் ஒரே வீச்சில் சரியாகிவிடும். மூன்றாவது ஔகாரம். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து அடித்திருப்பார்கள். கௌரவம் போன்ற சொற்களும் சௌந்தரம் போன்ற பெயர்களும் வரும் இடங்களைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். ஊர் வரலாற்றிலும் குடும்ப வரலாற்றிலும் பெயர்கள்தானே முக்கியம்? அதில் அவசரம் கூடாது.

இனி நீங்கள் அனுப்பும் கோப்பு பிறர் கணினியில் இப்படி ஆகாமலிருக்க யூனிகோடில் எழுதுவதே முதல் பாதுகாப்பு. எழுத்துரு இல்லாவிட்டாலும் வேறு தமிழ் எழுத்துருவில் படித்துக்கொள்ளலாம். அழைப்பிதழ், மலர் என்று வடிவமும் மாறக் கூடாதென்றால், வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்ற பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கிறது. லிப்ரே ஆபிஸில் அது ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் என்ற இடத்தில் உள்ளது. சில எழுத்துருக்களைச் செய்தவர்கள் பதிக்க அனுமதி தருவதில்லை என்பதால், அனுப்பும் முன் வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். அச்சகத்துக்கு என்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அடோபி ரீடரில் அதைத் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள்; ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் எம்பெடட் என்று இருக்க வேண்டும். திருத்துவதற்கான வேர்ட் கோப்பையும், மாற்றுவதற்கு முன்னிருந்த பழைய மூலக் கோப்பையும், எழுத்துருவின் பெயர் எழுதிய சின்னக் குறிப்பையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, இன்னொரு பிரதி வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.