வீட்டுப் பூனைக்கு நோய் வந்தால்



மாட்டுக்கு நோய் வந்தால் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். ஆட்டுக்கு வந்தாலும் ஓடுகிறோம். பூனைக்கு வந்தால் மட்டும், "அது தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். பூனை பால் கறப்பதில்லை. விற்றாலும் பணம் வருவதில்லை. ஆனால் நெல்லையும் கோதுமையையும் எலியிடமிருந்து காப்பது யார்? நாம் தூங்கும்போது பூனைதான் விழித்திருக்கிறது. அது நோயில் படுத்தால் அதைப் பார்க்க வேண்டியது நம் கடமை.

பூனை தன் நோயை வெளியே காட்டாது. கத்தாது, அழாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "சாகப் போகிறது, அதனால்தான் ஒதுங்கிவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. உடம்பில் வலு இல்லாததால் பயந்து ஒளிந்துகொள்கிறது. ஒரு நாள் முழுதும் சாப்பிடவில்லையா? உடம்பை நக்கிச் சுத்தம் செய்யவில்லையா? அதற்கு நோய் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இப்போது மிக முக்கியமான செய்தி. நாம் சாப்பிடும் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது.

பூனையைத் தொட்டால் சுடுகிறது. உடனே காய்ச்சல் என்று நினைக்கிறோம். மனிதருக்கு இயல்பான உடல் சூடு 98.6 டிகிரி. பூனைக்கு 100.5 முதல் 102.5 டிகிரி வரை. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பூனையும் நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். இது தெரியாமல், காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். மனிதரின் ஈரல் அந்த மருந்தை மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலால் அது முடியாது. மருந்து விஷமாகிறது. ரத்தத்தால் உயிர்க்காற்றைச் சுமக்க முடிவதில்லை. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகம் வீங்கும். மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். அரை மாத்திரையும் ஆபத்துதான்.

இந்த மருந்து பல பெயர்களில் கடையில் கிடைக்கிறது. குரோசின், டோலோ, கால்பால் எல்லாம் பாராசிட்டமால்தான். குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டு மருந்திலும் இது உண்டு. தெரியாமல் கொடுத்துவிட்டால் காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மூன்று செய்யலாம். சூடு, தண்ணீர், உணவு.

முதலில் சூடு. நோயுற்ற பூனையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஓர் அட்டைப் பெட்டியில் பழைய துணியை விரியுங்கள். காற்று வீசாத மூலையில் வையுங்கள். பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, துணி சுற்றி, பக்கத்தில் வைக்கலாம். பூனை விலகிப் படுக்கவும் பெட்டியில் இடம் இருக்கட்டும்.

இரண்டாவது தண்ணீர். வாந்தியும் கழிச்சலும் இருந்தால் உடம்பில் நீர் வற்றும். பிடரித் தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். தோல் உடனே படிந்தால் நல்லது. கூடாரம் போல நின்றால் நீர் குறைந்துவிட்டது. ஈறும் காய்ந்து ஒட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுங்கள். பூனையை மல்லாத்தக் கூடாது. இயல்பாக உட்கார்ந்தபடியே இருக்கட்டும். வாயின் ஓரத்தில் சில சொட்டு விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். மயங்கிக் கிடக்கும் பூனைக்கு வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி நிற்கவில்லை என்றாலும் கொடுக்காதீர்கள். அப்போது மருத்துவர் சலைன் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது உணவு. பூனை மோப்பம் பிடித்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்திருந்தால் சாப்பிடாது. ஈரத்துணியால் மூக்கையும் கண்ணையும் துடைத்துவிடுங்கள். மீனையோ கோழியையோ வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கி, மசித்து, இளஞ்சூட்டில் வையுங்கள். மிளகாய், உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் கழிச்சலை உண்டாக்கும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அதுவே தனி நோயாகிவிடும்.

இன்னும் ஒன்று. ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கும். சிறுநீர் வராது. அது மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அப்படி அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

குட்டிகளை அதிகம் கொல்வது பான்லியூகோபீனியா என்ற நோய். வாந்தி, நாற்றமுள்ள கழிச்சல், சோர்வு ஆகியவை அதன் அடையாளம். இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இந்த நோய்க்கிருமி வீட்டில் ஓராண்டு வரை உயிரோடு இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தரையைக் கழுவி, பிறகு நல்ல நீரால் அலசிக் காயவிடுங்கள். பினாயில் பூனைக்கு விஷம். குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்த நோயைத் தடுக்கலாம்.

நம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம். வேறொருவர் அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பூனை திடீரென்று சீறிப் பாய்கிறதா? எச்சில் வடிக்கிறதா? தள்ளாடுகிறதா? அது வெறிநோயாக இருக்கலாம். அதன் வாயில் கை வைக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் தடவாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நோய் வெளிப்பட்ட பிறகு மனிதரைக் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம்.

படித்த எழுத்து இங்கே உதவும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலை 7 மணி, இரண்டு ஸ்பூன் தண்ணீர். 9 மணி, வாந்தி. மாலை 4 மணி, சிறுநீர் போனது. பூனைக்கு வாய் பேச வராது. மருத்துவரிடம் அதற்காகப் பேசுவது அந்த நோட்டுத்தான். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். அருகில் எந்த மருத்துவமனை பூனையைப் பார்க்கும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் சில பூனைகள் பிழைக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம். கடைசி நேரத்தில் அதைச் சாக்கில் கட்டித் தெருவில் விடாதீர்கள். பழகிய கை பக்கத்தில் இருந்தால் அது பயப்படாமல் இருக்கும். இறந்த பிறகு, கிணற்றுக்குத் தூரமாக, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

நாளை ஒரு பூனை விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்தால், மாத்திரையைத் தேடாதீர்கள். அட்டைப் பெட்டியையும் நோட்டையும் எடுங்கள்.