மோர்மன் வாலிபரின் ஈராண்டு வாழ்க்கை

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இந்து வாலிபர் கூடும் இம்மண்டபத்திலே கிறித்தவப் பிரசாரகரைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள் வேறு எதைப் பேசுவார்கள் என்று பெரியோர் சிலர் தம்முள் நகைக்கவுங் கூடும். ஆயினும், கதவைத் தட்டுபவனை வீட்டுக்குள்ளே இருந்து பார்த்தே நாம் பழகிவிட்டோம். அவன் நிற்கும் இடத்தில் நின்று ஒருமுறையேனும் பார்த்தோமில்லை. அவன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான், யார் செலவில் வந்தான், கதவு மூடப்பட்ட பின் எங்கே போகிறான் என்பவற்றை அறியாமல் அவனை ஏசுவதும் அறிவுடைமையன்று, புகழ்வதும் அறிவுடைமையன்று. ஆகவே இன்று ஒரு சபையாரை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வாலிபர் ஓர் அந்நிய நாட்டிற் கழிக்கும் நாட்களை ஆராய்வோம். சபை மோர்மன் சபை, நாடு யப்பான்.

மோர்மன் சபை பழமையான சபையன்று. யோசேப் சிமித் என்பவர் 1830ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் அதனை நிறுவினார். விவிலியத்தோடு மோர்மன் நூல் என்னும் வேறொரு நூலையும் அவர்கள் வேதமாகக் கொள்வர். சிமித் 1844இல் இல்லினோய் மாநிலச் சிறையொன்றிலே கும்பலொன்றாற் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் பிறிகம் யங் என்பவர் தம் மக்களை மேற்கே அழைத்துச் சென்று, 1847இல் உப்பேரியொன்றின் பக்கத்தே குடியேற்றினார். அதுவே இன்றைய யூற்றா மாநிலத்தின் சோல்ற் லேக் நகரம். அவர்களைப் பிற கிறித்தவ சபைகள் பல தம்மவராக ஏற்பதில்லை. மோர்மன் சபையார் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று உரோமன் கத்தோலிக்க சபை 2001இல் அறிவித்தது. கிறித்தவருள்ளும் தனித்து நிற்கும் ஒரு சிறு கூட்டத்தார் உலகெங்கும் தம் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 2024ஆம் ஆண்டின் இறுதியிலே முழுநேரப் பிரசாரகராய் இருந்தோர் 74,000 பேருக்கு மேல்.

இவர்கள் யார்? குருமார் கல்லூரியிற் பல்லாண்டு பயின்ற பாதிரிமாரல்லர். சம்பளம் பெறும் ஊழியரும் அல்லர். நேற்றுவரை பந்து விளையாடியும் பள்ளிக்கூடம் சென்றும் திரிந்த பிள்ளைகள். முன்னர் ஆண்களுக்கு 19 வயதும் பெண்களுக்கு 21 வயதும் ஆக வேண்டுமென்ற விதி இருந்தது. 2012இல் அவ்வயது முறையே 18 எனவும் 19 எனவும் குறைக்கப்பட்டது. ஆண்கள் இரண்டு ஆண்டுகளும் பெண்கள் பதினெட்டு மாதங்களும் தொண்டு செய்வர். எந்த நாட்டுக்குப் போவதென்று தெரிவு செய்யும் உரிமை அவர்களுக்கில்லை. சபைத் தலைமை குறிப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். செலவையும் அவர்களோ குடும்பத்தாரோ தாங்குதல் வழக்கம். அமெரிக்க வாலிபர் ஒருவர் மாதந்தோறும் செலுத்தும் பணம் 2020 யூலையிலே 400 டொலரிலிருந்து 500 டொலராக உயர்ந்தது. சிறுவயது முதல் அதற்கென உண்டியலிற் காசு சேர்க்கும் பிள்ளைகளும் உளர்.

யப்பானுக்கென அழைக்கப்பட்டவன் முதலிற் பயிற்சி நிலையத்திலே சில வாரங்கள் யப்பானிய மொழியைக் கற்கிறான். பின்னர் அங்கே சென்று இறங்குகிறான். ஆங்கிலத்தில் அவனுக்கு எல்டர் என்று பட்டம். யப்பானியர் அதனைச் சோரோ என்பர். மூத்தோன் என்பது பொருள். பத்தொன்பது வயதிலே மூத்தோன்! அவனுடைய கறுப்புப் பெயர்ப்பலகையில் அவனது முதற்பெயர் இராது; குடும்பப் பெயரும் சபையின் பெயருமே இருக்கும். வீட்டில் அழைத்த பெயரை ஈராண்டுக்குக் கழற்றி வைத்துவிடுகிறான்.

அவனுடைய நாளைப் பார்ப்போம். நெடுங்காலமாக இருந்த ஒழுங்கின்படி காலை 6.30 மணிக்கு எழ வேண்டும். பிரார்த்தனை, அரைமணி நேரத் தேகாப்பியாசம், குளிப்பு, காலையுணவு ஆகியன முடிய, எட்டு மணிக்கு வேதம் படிக்க அமர்வான். ஒரு மணி நேரம் தனியே படிப்பு. அடுத்த மணி துணைவனோடு படிப்பு. அதன்மேல் மொழிப் படிப்பு. பின்னர் வெளியே புறப்பட்டு, இரவு ஒன்பது மணியளவிலே வீடு திரும்பி, மறுநாளைய வேலையைக் குறித்து வைத்து, 10.30 மணிக்குப் படுக்கைக்குப் போவான். 2017 முதல் அந்தந்த நாட்டு வழக்கத்துக்கேற்ப இந்நேரங்களைச் சிறிது மாற்ற இடங்கொடுத்தார்கள். ஆனால் எழுவதற்கும் படிப்பதற்கும் உறங்குவதற்கும் நேரம் உண்டென்ற கட்டுப்பாடு மாறவில்லை.

துணைவன் என்றோமல்லவா? அதுவே இவ்வாழ்க்கையின் கடினமான பகுதி. மோர்மன் பிரசாரகர் தனியே திரிவதில்லை. இருவர் இருவராகவே செல்வர். அத்துணைவனைத் தெரிவு செய்பவர் அப்பகுதிப் பிரசாரத் தலைவர். ஓர் அமெரிக்கனும் ஒரு யப்பானியனும் இணைக்கப்படுவதுண்டு. ஒரே வீட்டில் உறங்கி, ஒரே அடுப்பிற் சமைத்து, ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியும்படி நாள் முழுவதும் திரிய வேண்டும். பிடிக்காதவனாயினும் சகிக்க வேண்டும். பிடித்தவனாயினும், ஏறத்தாழ ஆறு வாரத்துக்கொருமுறை வரும் மாற்றத்திலே பிரிய நேரலாம். கூட்டுக் குடும்பத்திற் பிறந்த நமக்கே ஓர் அறையில் இருவர் இருந்தால் மூன்றாம் நாள் மனஸ்தாபம் வருகிறதன்றோ?

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். துணி துவைத்தல், சாமான் வாங்குதல், முடி வெட்டுதல், வீட்டுக்கு எழுதுதல் யாவும் அன்றுதான். முன்னாளிலே தாய் தந்தையரோடு தொலைபேசியிற் பேசுவதற்கு ஆண்டில் இரண்டு நாட்களே இருந்தன: ஒன்று நத்தார், மற்றது அன்னையர் தினம். 2019 பெப்ரவரியிலே இவ்விதி தளர்த்தப்பட்டு, வாரத்துக்கொருமுறை பேச அனுமதி கிடைத்தது. காதல் இல்லை; படமாளிகை இல்லை; நீந்துதலும் இல்லை.

இனி யப்பானியர் வாசலுக்கு வருவோம். வெண்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த இருவர் துவிச்சக்கரவண்டியில் வந்து இறங்கி மணியை அழுத்துகிறார்கள். உள்ளிருந்து ஒரு குரல் வருகிறது: “கெக்கோ தெசு.” கெக்கோ என்றால் நன்று என்று பொருள். ஆனால் இங்கே அதன் கருத்து, வேண்டாம், போய் வாருங்கள் என்பதே. ஏச்சில்லை, கோபமில்லை; கதவுமட்டும் திறக்கவில்லை. புதிதாய் வந்தவன் இச்சொல்லை அகராதியிற் பார்த்து மயங்குவான். ஒரு மாதஞ் சென்றால் அகராதி வேண்டியதில்லை. நாள் முழுவதும் தெருத் தெருவாய்த் திரிந்தும் ஒரு கதவேனும் திறவாத நாட்கள் உண்டு.

எங்கேனும் ஒரு முதாட்டி இரங்கி உள்ளே அழைத்தால் அங்கே வேறொரு சங்கடம். யப்பானியர் உபசாரம் பச்சைத் தேநீரிலே தொடங்குகிறது. மோர்மன் சபையாரோ மது, புகையிலை, கோப்பி, தேநீர் நான்கையும் விலக்கியவர்கள். 1833இல் யோசேப் சிமித் வெளியிட்ட ஒரு கட்டளை இதற்கு மூலம். அன்போடு நீட்டிய கோப்பையை வீட்டார் மனம் நோகாமல் மறுக்கப் பழக வேண்டும். நல்ல வேளையாக, வாற்கோதுமையை வறுத்துக் காய்ச்சும் முகிச்சா என்னும் பானம் அந்நாட்டில் உண்டு. அதை அவர்கள் குடிக்கலாம். வாரத்துக்கொருமுறை இலவசமாக ஆங்கில வகுப்பு நடத்துவதும் அவர்கள் வழக்கம். சமயம் வேண்டாதவரும் ஆங்கிலத்துக்காக வருவர். இது நமக்குப் புதிய கதையன்று. நாம் மிஷன் பாடசாலைக்குப் போனதும் ஆங்கிலத்துக்காகவன்றோ?

இவ்வளவு உழைப்புக்கும் விளைவென்ன? 1901 ஓகஸ்டிலே ஹீபர் கிறான்ற் என்பவர் மூன்று துணைவருடன் யோக்ககாமாவில் வந்திறங்கினார். அவர்களுள் இளையவர் அல்மா ரெயிலர், வயது 19. அவ்வாலிபர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கி, மொழியைக் கற்றுத் தேர்ந்து, யப்பானிய எழுத்தாளரின் துணையோடு மோர்மன் நூலை மொழிபெயர்த்தார். அது 1909இல் அச்சாயிற்று. ஆயினும் இருபத்து மூன்று ஆண்டு உழைப்பிலே ஞானஸ்நானம் பெற்றோர் இருநூறு பேரும் இல்லை. 1923இல் தோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தது. 1924இல் யப்பானியர் குடியேறுவதைத் தடுத்து அமெரிக்கா சட்டம் இயற்றியது. தம் நாடு கதவை அடைத்த அதே ஆண்டிலே, யப்பானியர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்களும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அழைத்தவர், அதற்குள் சபைத் தலைவராகிவிட்ட அதே கிறான்ற். உலகப் போர் முடிந்து, 1948இல் மீண்டும் தொடங்கினார்கள். இன்று பதிவேட்டிலுள்ளோர் ஏறத்தாழ 1,30,000 பேர். பன்னிரண்டு கோடி மக்களுள் அது கடலிற் கரைத்த பெருங்காயமே.

கணக்குப் பார்த்தால் நட்டந்தான். அப்படியானால் ஏன் விடாமல் அனுப்புகிறார்கள்? நாம் கண்ட விடை இதுவே: திறவாத கதவின் முன்னே மாறுபவன் வீட்டுக்காரனல்லன், தட்டுபவனே. தன் சமயம் யாது என்பதை அந்நிய மொழியில், கேட்க விரும்பாத ஒருவருக்கு, நாள்தோறும் சொல்ல வேண்டியவன் அதனைப் படித்தேயாக வேண்டும். ஈராண்டின் பின் அவன் சர்வகலாசாலைக்கோ தொழிலுக்கோ திரும்புகிறான். ஆனால் தன் சமயத்தைக் குருமாரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருப்பவனாகத் திரும்புவதில்லை.

இதன் மறுபுறத்தையும் சொல்லாதுவிட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். ஆண்பிள்ளை போவது கடமையென்று சபை கூறுகிறது. ஊரார் கண்ணும், பெண் கொடுப்பார் கண்ணும் பார்த்திருக்க, இதனைத் தன் விருப்பென்று முழுதும் சொல்ல முடியுமா? உடலோ மனமோ தளர்ந்து இடையில் திரும்பும் பிள்ளை, வரவேற்புக்குப் பதிலாக ஊராரின் கேள்விகளைச் சந்திக்க நேர்வதுண்டு. அத்தகையோர் தம் வீட்டிலிருந்தே சமூகத் தொண்டு செய்யும் வாய்ப்பை 2019 முதல் சபை விரிவாக்கியமை நல்ல மாற்றம். வேறொரு குறையும் உண்டு. அவனது நாளில் தன் வேதம் படிக்க நேரமுண்டு. ஆனால் அவன் நுழையும் வீட்டின் புத்தர் மாடத்திலே முன்னோருக்கு ஏன் விளக்கேற்றுகிறார்கள் என்று முறையாகக் கற்க அதில் நேரம் குறிக்கப்படவில்லை. கொடுக்க வந்தவன் கொள்ளவும் கற்றிருந்தால் அன்றோ அது சமய உறவாகும்? பிறர் நம்பிக்கையை மாற்றுவதையே குறியாகக் கொண்ட பயணத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஆனால் ஏற்கத்தகாததை விலக்கி, தக்கதைக் கொள்வதில் நமக்கு முன்மாதிரி உண்டு. நாவலர் பெருமான் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அதன் பின்னரே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தார்.

சகோதரர்களே! நம்மிடம் ஒருவர் வந்து, உங்கள் சமயம் யாது என்று வினாவினால், பத்து நிமிடம் நிறுத்தாமற் சொல்ல நம்முள் எத்தனை பேரால் முடியும்? திருவிழாவிலே வடம் பிடிக்கிறோம். பொருள் கேட்டால் ஐயரைக் காட்டுகிறோம். ஈராண்டு வேண்டாம், விடுமுறையில் இரண்டு மாதம் போதும். இருவர் இருவராய்ப் பிரிந்து, சொந்தச் செலவில், ஆசிரியரில்லாத ஒரு கிராமத்துக்குப் போவோம். காலையில் ஒரு மணி நேரம் நம் நூல்களை நாம் படிப்போம். மாலையிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்வோம். ஆலயக் கேணியைத் துப்புரவாக்குவோம். யாரையும் மாற்ற வேண்டியதில்லை, நாம் மாறுவோம்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எச்சமயத்து வாலிபனாயினும் நம் வாசலில் வந்து நின்றால், யப்பானியரைப் போல மரியாதையாக மறுப்போம். வெயிலில் வந்தவனை முதலில் நிழலில் இருத்தி, ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். அவன் மோர்மனாயின் தேநீர் வேண்டாம், தண்ணீரே போதும். அவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை.