எபிசோடு 37: ஸ்டால் நம்பரைக் கடன் வாங்காதீங்க

போன ரெண்டு எபிசோடுலயும் "காரு ஷாப்ல இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துட்டேன். என்ன ஆச்சுன்னு கேட்டுட்டே இருந்தீங்க. இன்னிக்கு சொல்லிடறேன். கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

ஹூஸ்டன்ல நான் ஓட்டுறது 2013 கமாரோ எஸ்எஸ், ஆட்டோமேட்டிக். 6.2 லிட்டர் வி8, 400 குதிரைத்திறன். எப்பவாவது சனிக்கிழமை டிராக் ஸ்ட்ரிப், மத்த நாளெல்லாம் அதே காருல ஆபீஸ்.

ஸ்ட்ரிப்ல ஒரு நண்பரோட கார் கிளம்புறதைப் பார்த்து அசந்துட்டேன். "4000 ஸ்டால் கன்வெர்ட்டர் போட்டிருக்கேன்"னார். அன்னைக்கு ராத்திரியே நானும் 4000 ஆர்டர் பண்ணிட்டேன். டிசம்பர்ல ஊருக்குப் போக டிக்கெட்டுக்குன்னு எடுத்து வெச்ச பணம் அது.

சரி, டார்க் கன்வெர்ட்டர்னா என்ன? ரெண்டு ஃபேனை எதிரெதிரா வையுங்க. ஒண்ணை ஓடவிட்டா அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும். இங்க காத்துக்குப் பதில் ஆயில். ஒரு பக்கம் எஞ்சின், இன்னொரு பக்கம் கியர்பாக்ஸ். நடுவுல ஸ்டேட்டர்னு ஒண்ணு, திரும்பி வர்ற ஆயிலோட திசையை மாத்தி விடும். அதனால கார் கிளம்புற நொடியில டார்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்.

கார் நகராம நிக்கும்போது முழுசா ஆக்சிலரேட்டர் கொடுத்தா எஞ்சின் எந்த ஆர்பிஎம் வரைக்கும் ஏறுமோ, அதுதான் ஸ்டால். கம்பெனி கன்வெர்ட்டர்ல இது குறைவு. என் எஞ்சின் உச்ச டார்க் கொடுக்குறது 4300 ஆர்பிஎம்ல. ஸ்டாலைக் கொஞ்சம் ஏத்தினா, கிளம்பும்போதே எஞ்சின் பலமான இடத்துக்குப் பக்கத்துல நிக்கும். கார் பாயும். இதுவரைக்கும் என் கணக்கு சரிதான்.

தப்பு எங்கேன்னா, அந்த 4000 அவரோட காருக்கான நம்பர். அவர் எஞ்சின்ல பெரிய கேம். மேல ஆர்பிஎம் போனாத்தான் அதுக்கு உயிர் வரும். என்னோடது கம்பெனி கேம், கீழேயே நல்லா இழுக்கும். அதோட ஒரே கன்வெர்ட்டரை டார்க் அதிகமான எஞ்சின்ல மாட்டினா ஸ்டால் ஏறும், குறைஞ்ச எஞ்சின்ல மாட்டினா இறங்கும். வேற ஒருத்தரோட சர்வர்ல வந்த லோட் டெஸ்ட் ரிசல்ட்டை நம்ம சர்வருக்கு யாராவது எழுதுவோமா? நான் அதைத்தான் செஞ்சேன்.

ஸ்ட்ரிப்ல ஒண்ணும் தெரியலை. ஜூலை மாச டிராஃபிக்ல தெரிஞ்சுது. ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கன்வெர்ட்டர் வழுக்கிட்டே இருக்கும். வழுக்குறதெல்லாம் சூடு. தனியா ஆயில் கூலர் போடலை, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டிருந்தேன். ஆயில் 250 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுச்சு. நாலே வாரம். மூணாவது கியர் பிடிக்கலை. பிரிச்சுப் பார்த்தா உள்ளே கிளட்ச் எல்லாம் கருகிப் போயிருந்துது. டிசம்பர்ல நான் ஊருக்குப் போகலை. அம்மாகிட்ட "லீவு கிடைக்கலை"ன்னு சொன்னேன்.

ரெண்டாவது தடவை கன்வெர்ட்டர் கட்டித் தர்றவர்கிட்ட நம்பர் கேட்கலை, காரைப் பத்திச் சொன்னேன். எடை, கேம், ஆக்சில் ரேஷியோ, டயர் உயரம், வாரத்துல எத்தனை நாள் டிராஃபிக்ல ஓட்டுறேன், எல்லாம். 3000-ஐ ஒட்டினது போதும்னார். லாக்-அப் கட்டாயம் இருக்கணும்னார்.

அது ஏன்னு நானே கணக்குப் போட்டேன். மைல் வேகத்தை 336-ஆல பெருக்கி, கியர் ரேஷியோவாலயும் ஆக்சில் ரேஷியோவாலயும் பெருக்கி, இன்ச்ல டயர் உயரத்தால வகுத்தா ஆர்பிஎம் வரும். என் காருக்கு ஆறாவது கியர் 0.67, ஆக்சில் 3.27, டயர் 28.7 இன்ச். 70 மைல்ல சுமார் 1800. ஸ்டாலுக்கு ரொம்பக் கீழே. லாக்-அப் கிளட்ச் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கலைன்னா ஹைவே முழுக்க வழுக்கிட்டுத்தான் போகணும்.

அதனால முதல்ல கூலருக்குக் காசு ஒதுக்குங்க, அப்புறம் கன்வெர்ட்டர். நீங்க எப்படி ஓட்ட ஆசைப்படுறீங்கன்னு சொல்லாதீங்க, எப்படி ஓட்டுறீங்கன்னு சொல்லுங்க.

இந்த டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு. அம்மா இதைக் கேட்டா, லீவு விஷயம் அப்போ நேர்ல பேசிக்கலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.