சொட்டும் இடமும் கசியும் இடமும்
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேச இந்த மேடையிலேயே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிட்டு, எஞ்சின் ஆயில் கசிவை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி என்று நான் பேசலாமென்று இருக்கிறேன். (சிரிப்பு)

உதாரணத்துக்கு நமக்கெல்லாம் தெரிந்த வண்டியாகப் பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வண்டி. திருவொற்றியூரில் உருவானது. வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த அந்தப் பழைய எஞ்சின் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆனால் வண்டிகள் இன்னும் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. "சொட்டலைன்னா ஆயில் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்" என்று கேலியாகச் சொல்வார்கள்.

கேலி நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த ஆயில் பின் டயரில் படிந்தால், வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது சக்கரம் வழுக்கிவிடும். அளவு குறைந்துபோனால் பேரிங்கும் பிஸ்டனும் இறுகி, ஓடும் வண்டி திடீரென்று நின்றுவிடும். ஆகவே சொட்டை அலட்சியப்படுத்தக் கூடாது.

சரி, சொட்டு தெரிகிறது. நாம் முதலில் என்ன செய்கிறோம்? ஸ்பானரை எடுத்து, ஈரமாக இருக்கும் இடத்து நட்டை இன்னும் ஒரு திருகு இறுக்குகிறோம். அதைத்தான் செய்யக் கூடாது. எஞ்சின் கேஸ் அலுமினியம். கொஞ்சம் பலம் அதிகமானால் மரை போய்விடும். ஒரு பேக்கிங்கில் முடிய வேண்டிய வேலை, லேத்துக் கடையில் போய் நிற்கும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. கசியும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

முதல் கேள்வி, எந்த ஆயில்? இந்த வண்டியில் எஞ்சினுக்குத் தனி ஆயில், இடப்பக்கத்துக் கிளட்ச் கேஸுக்குத் தனி ஆயில், பின்னால் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். தரையில் ஓர் அட்டையை விரித்து, செண்டர் ஸ்டாண்டு போட்டு, ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்துங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் எந்தப் பக்கம் என்று அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் சொட்டைத் தொட்டு, முகர்ந்து பாருங்கள். எஞ்சின் ஆயில் கரி சேர்ந்து கறுத்திருக்கும். கிளட்ச் கேஸ் ஆயிலில் அந்தக் கரி சேராது. கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, சுத்தம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டீசலும் பழைய பிரஷும் வைத்து மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஒரு பொறி போதும். கார்பரேட்டர் வாயில் தண்ணீரோ டீசலோ போகாமல் மூடிக்கொள்ளுங்கள். துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை இணைப்புகள்மேல் லேசாகத் தூவுங்கள். (வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.) பிறகு வண்டியை நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து, சற்று நேரம் ஓடவிடுங்கள். வெளியே வரும் ஆயில் வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நின்றால் ஆயில் கீழ்நோக்கி மட்டும் வரும். ஓடினால் காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். மேலே ராக்கர் மூடியில் கசிந்தது, சிலிண்டர் வழியாக இறங்கி, கியர்பாக்ஸ்மேல் பரவி, பின்னால் சொட்டும். நாம் கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்! ஈரமான இடங்களில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அதுவே முதல் குற்றவாளி. நின்ற நிலையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மட்டும் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

மூன்றாவதாகச் சொல்வதுதான் முக்கியமானது. மாணவர்கள் கவனமாகக் கேட்கணும். இந்த எஞ்சினின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 346 சிசி. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் அதே 346 சிசி காற்றைக் கீழறையில் அமுக்குகிறது. அந்தக் காற்று போவதற்குத்தான் பிரீதர் குழாய். பழைய மாடல்களில் அதன் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கும். காற்றை வெளியே விடும், திரும்பி உள்ளே விடாது. அதனால் கீழறையில் அழுத்தம் ஏறாமல் இருக்கும். ஆயிலை வெளியே தள்ள ஆள் இல்லை.

அந்த ரப்பர் விறைத்துப்போனாலோ, குழாய் மடிந்து அடைபட்டாலோ என்ன ஆகும்? காற்றுக்கு வழி இல்லை. எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் புதுப் பேக்கிங் போட்டு அந்த இடத்தை அடைத்தால், அடுத்த வாரம் இன்னோர் இடத்தில் கசியும். ஆகவே பேக்கிங் வாங்கப் போகும் முன் பிரீதரைப் பாருங்கள். பிரீதர் நன்றாக இருந்தும் அதிலிருந்து புகையாகக் கக்குகிறது, சைலன்சரிலும் நீலப்புகை வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது வெளியே என்ன பூசினாலும் பிரயோஜனமில்லை.

இதோடு ஆயில் அளவையும் பார்க்கணும். வண்டி பல நாள் நின்றால், ஆயில் பம்ப் வழியாக மெதுவாகக் கீழறைக்கு இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும். குறைந்துவிட்டது என்று மேலே ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் இறங்கிய ஆயில் திரும்பி வந்து அளவு மிஞ்சிவிடும். மிஞ்சியது பிரீதர் வழியாக வெளியே வரும். அதைக் கசிவு என்று நினைத்து எஞ்சினைப் பிரிப்பவர்கள் உண்டு. சில நிமிஷம் ஓடவிட்டு, பிறகு அளவு பாருங்கள்.

இப்போது சரிசெய்வது. ராக்கர் மூடி என்றால், கழற்றிப் பழைய பேக்கிங்கை மரச்சில்லால் சுரண்டி எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் கீறினால் அந்தக் கீறலே அடுத்த கசிவு. கண்ணாடித் தகட்டின்மேல் நைசான எமரித்தாளை வைத்து மூடியை லேசாகத் தேய்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். புதுப் பேக்கிங் வைத்து, நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஆயில் குழாயின் செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகி நன்றாக உட்காரும். டியூபில் வரும் சிலிக்கான் பேஸ்டை அளவோடு தடவணும். உள்ளே பிதுங்கியது பிய்ந்துபோய் ஆயில் பாதையை அடைத்தால், கசிவைவிடப் பெரிய ஆபத்து. கிளட்ச் கேஸுக்கு நடுவில் ஒரே நட்டு. அங்கே வேலை செய்வது ஓரத்து ரப்பர் வளையம். அதை மாற்றுங்கள். நட்டை முறுக்கினால் மூடிதான் வளையும்.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி அட்டையை விரித்துப் பாருங்கள்.

எல்லாமே வீட்டில் முடியாது. செயின் ஸ்புராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல், சிலிண்டர் ஹெட் பேக்கிங் இவையெல்லாம் தகுந்த கருவியும் பழகிய கையும் கேட்கும் வேலை. மெக்கானிக்கிடமே போங்கள். ஆனால் "ஆயில் ஒழுகுதுண்ணே" என்று போவதற்கும், "பிரீதர் பார்த்தாச்சு, கியர் ஆயில்தான் வருது, ஸ்புராக்கெட் பக்கம் ஈரம்ணே" என்று போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் பணம் மிச்சம்.

ஒரு வேண்டுகோள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கும் உரிமம் பெற்றவர்களிடம் சேரும்படி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். துடைத்துவிட்டுப் பார்ப்பது, மேலிருந்து பார்ப்பது, அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது, அதன் பிறகு ஸ்பானரை எடுப்பது. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும். வண்டி நிற்கிற இடத்தில் தரை சுத்தமாக இருக்கும்.