தில்லியில் இளவேனில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் நின்று பேச வேண்டிய இம்மேடையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரெயில்வே இலாகாவில் பதிவேடுகளோடு காலம் கழிக்கும் எம்மை ஏற்றியிருக்கிறார்கள். பொருளையும் எம் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நாம் ஓரளவு அறிந்த அட்டவணைகள் இரண்டு. ஒன்று ரெயில் வண்டிகளின் கால அட்டவணை. மற்றொன்று, குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீசுக்குச் செல்லும் வழியில் நிற்கும் மரங்களின் கால அட்டவணை. முன்னதைப் பற்றிப் பேசினால் வண்டிகளின் தாமதம் குறித்துச் சபையோர் கேள்வி எழுப்பக்கூடும். ஆகவே பின்னதைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தமிழகத்தை விட்டுத் தலைநகருக்கு வந்து சேரும் எவரும் முதலாண்டிலேயே கண்டுகொள்ளும் உண்மை, இந்தக் கணக்கு இங்கே சற்று இடம் பெயர்ந்து நிற்கிறது என்பதாம். மாசி பிறந்து சில நாட்களுக்குள் இங்கே இளவேனில் தலைகாட்டுகிறது. பங்குனி முடிவதற்குள் அது மூட்டை கட்டத் தொடங்குகிறது. வைகாசியிலோ 'லூ' என்னும் அனற்காற்று சன்னலைத் தட்டுகிறது. நம் ஊரில் இரு மாதம் தங்கும் விருந்தாளி இங்கே ஆறேழு வாரங்களில் விடைபெற்றுக்கொள்கிறார்.

இதற்குக் காரணம் நாம் குடியேறிய இடத்தின் அமைப்பே. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது; தில்லி 28½ பாகையில் இருக்கிறது. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. தில்லியில் மார்கழிப் பகல் 10¼ மணி நேரத்துக்குச் சுருங்கி, ஆனிப் பகல் 14 மணி நேரத்துக்கு நீள்கிறது. தை மாத இரவில் வெப்பமானி 4 பாகைக்கு இறங்குவதும், வைகாசிப் பகலில் 45 பாகைக்கு ஏறுவதும் நாம் பட்டறிந்தவை. இவ்விரு கடுமைகளுக்கும் இடையே கிடைக்கும் சிறு இடைவெளியில்தான் இங்குள்ள மரங்கள் இலை உதிர்க்கவும், தளிர்க்கவும், பூக்கவும் வேண்டியிருக்கின்றன. எனவேதான் மேல்நாடுகளில் இலையுதிர்காலம் வேறு, வசந்தம் வேறு என்றிருக்க, தில்லியில் இரண்டும் ஒருங்கே வருகின்றன. பங்குனியில் வேம்பின் அடியில் பழுப்பு இலை குவிந்து கிடக்கிறது. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் செந்தளிர் துளிர்க்கிறது.

இனி அட்டவணையை வரிசையாகப் பார்ப்போம். முதல் வண்டி முள்ளிலவு. மாசியில் இலையெல்லாம் நீங்கிய வெறுங்கிளைகளில் உள்ளங்கை அகலச் செம்பூக்கள் மலர்கின்றன. இலை மறைக்காததால் அப்பூக்கள் நெடுந்தொலைவில் வரும் பறவைகளுக்கும் தெரிகின்றன. காகமும் மைனாவும் கிளியும் அணிலும் தேன் குடிக்க வந்து கூடுகின்றன. அவற்றால் மகரந்தம் பூவுக்குப் பூ செல்கிறது. சித்திரை கழிந்ததும் காய் வெடித்துப் பஞ்சு பறந்து நம் வீட்டு மொட்டைமாடித் துணிகளில் ஒட்டிக்கொள்கிறது. இலவு காத்த கிளி என்னும் பழமொழியை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த இலவும் அந்தக் கிளியும் நம் வாசலிலேயே இருக்கின்றன என்பதைக் காட்டிவிட்டால், மனப்பாடத்துக்கே வேலையில்லை.

அடுத்து வருவன மாம்பூவும் மந்தாரையும். இங்குள்ளோர் மந்தாரையைக் 'கச்னார்' என்கின்றனர். மொட்டுகளைக் கறி சமைத்து உண்கின்றனர். பங்குனியில் புரசு பூக்கிறது. கரிய அரும்பிலிருந்து நெருப்பு நிறத்தில் வெளிப்படும் இப்பூவைக் கொதிக்க வைத்துத்தான் முற்காலத்தில் ஹோலிப் பண்டிகைக்கு மஞ்சட் சாயம் எடுத்தார்கள். இதனை இந்திக்காரர் 'தாக்' என்றும் 'பலாஷ்' என்றும் அழைக்கின்றனர். 1757-இல் கிளைவ் போரிட்ட பிளாசி என்னும் பலாசி ஊர் இம்மரத்தால் பெயர் பெற்றது. நம் சென்னைப் புரசைவாக்கமும் இம்மரத்தால் பெயர் பெற்றதே. கல்கத்தாப் பக்கத்துப் போர்க்களமும் சென்னைப் பேட்டையும் தில்லிப் பாறை நிலமும் ஒரே மரத்தின் நிழலில் உறவு கொண்டிருப்பதை எண்ணுங்கால் உள்ளம் விம்முகிறது.

அதன்பின் அரசு தாமிர நிறத்தில் தளிர் விடுகிறது. சித்திரையில் வேம்பு பூக்கிறது. வைகாசியில், மற்றையோரெல்லாம் வெயிலுக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் வேளையில், கொன்றை பொற்சரம் தொங்கவிடுகிறது. மலையாள நாட்டில் சித்திரை விஷுவுக்குப் பூக்கும் அதே கொன்றைதான். தில்லிக்கு ஒரு மாதம் தாமதித்து வருகிறது. அதனோடு மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த குல்மொஹரும் செந்நிறம் காட்டுகிறது.

புது தில்லியின் சாலைகளில் இம்மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931-இல் புது நகரம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மஸ்டோ என்னும் ஆங்கிலேயத் தோட்டக்கலை அதிகாரியின் மேற்பார்வையில் நிழல் மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. ஜனபத்தில் மருது; அக்பர் சாலையில் புளி; 2022 முதல் கர்தவ்ய பத் என்று வழங்கும் பழைய ராஜபாட்டையின் இருமருங்கிலும் நாவல். திட்டம் தீட்டியவர் வெள்ளைக்காரர். ஆனால் அவர் தேர்ந்த மருதும் நாவலும் வேம்பும் நம் ஆற்றங்கரையிலும் கோயில் வாசலிலும் நின்றவையே. நமக்கு முன்னரே நம் மரங்கள் தலைநகரில் குடியேறி நம்மை எதிர்பார்த்து நின்றிருக்கின்றன!

குடியேறிய மரங்களுள் நல்லனவும் உண்டு, அல்லனவும் உண்டு. ஆரவல்லி மலைத்தொடரின் வால் போன்ற 'ரிட்ஜ்' பகுதியில் இன்று பெருவாரியாக நிற்பது விலாயதி கீகர். அது வேறு எதுவுமன்று, இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரம், நாட்டு மரங்கள் முளைத்தெழ இடமின்றிப் பரவிவிட்டது. வந்த இடத்தில் வேரூன்றுவது குற்றமன்று. பிறர்க்கு நிழலாகாமல் அவர் இடத்தைப் பறிப்பதே குற்றம். வெளியூரில் பிழைக்க வந்த நமக்கும் இது நினைவில் நிறுத்தத்தக்க பாடமாகும்.

அன்பர்களே! பூவின் அழகை மட்டும் பேசிவிட்டு அமர நாம் எண்ணவில்லை. நம்மை வருத்தும் செய்திகள் இரண்டு உண்டு.

முதலாவது, பெயர் மறைதல். இங்கே பிறந்து வளரும் நம் செல்வங்களுக்குச் 'செமல்' தெரியும், இலவு தெரியாது. 'அமல்தாஸ்' தெரியும்; கொன்றை தெரியாது. 'அர்ஜுன்' தெரியும், மருது தெரியாது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் 1923 முதல் தமிழை ஊட்டி வருகின்றன. அங்கே தமிழ் பயிலும் குழந்தை, கொன்றை சூடிய பெருமானைப் பற்றிப் படிக்கிறது; மாலையில் கொன்றையின் அடியிலேயே கிரிக்கெட் ஆடுகிறது; இரண்டும் ஒன்றென அறியாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். நம் தெருவில் பூப்பவை ஒன்பதுக்குத் தமிழ்ப் பெயர் சொல்ல நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்க்குமானால், அந்தப் பெருமைக்குப் பொருள் உண்டு. ஊரில் பெயர் மறந்தால் கேட்டறியப் பாட்டியார் இருப்பார். இங்கே நாம் ஓய்வுபெற்று ஊர் திரும்பிவிட்டால் கேட்பதற்கு ஆள் ஏது?

இரண்டாவது, மரமே மறைதல். 2018-இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதுக்கும் திட்டத்துக்காகப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை வெட்ட ஏற்பாடாயிற்று. நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடியிருப்புகள் அவை. மக்கள் திரண்டு வந்து மரங்களைத் தழுவி நின்றனர். தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் நவ்ரோஜி நகரில் பல மரங்கள் வீழ்ந்துவிட்டன. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி மரம் வெட்டலாகாது. மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்ட் பூச்சு இருத்தலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. ஆயினும் அடிமரம் வரை சிமெண்ட் கல் பாவிய வேம்புகளை இன்றும் காண்கிறோம். மழைநீர் வேருக்கு இறங்க வழியின்றி அவை மெல்ல மெல்ல வாடுகின்றன.

பருவமும் தடுமாறி நிற்கிறது. வானிலை இலாகாவின் 1901 முதலான பதிவுகளில், நாடு முழுவதற்குமான சராசரிப் பகல் வெப்பம் மிகுந்த மார்ச்சு 2022-ஆம் ஆண்டினது. பிப்ரவரி 2023-ஆம் ஆண்டினது. 2022-இல் அந்த வெப்பத்தால் கோதுமை மணி சிறுத்து விளைச்சல் குறைந்து, மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கே தடை விதிக்க நேர்ந்தது. ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் செர்ரிப் பூ முழுதும் மலரும் நாளை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குறிப்புகளிலிருந்து தொகுத்து வைத்திருக்கிறார்கள். 2021-இல் அது மார்ச்சு 26-ஆம் நாளே மலர்ந்தது; அதற்கு முந்திய பதிவுகள் அனைத்தையும்விட அது முந்தியது. அரசவையாரும் துறவிகளும் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்தமையால் அல்லவா உலகம் இன்று அதனை அறிகிறது!

ஆகவே சபையோரிடம் நாம் வேண்டிக்கொள்வன மூன்று.

ஒன்று: வீட்டுக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம். சமையலறைச் சன்னலிலிருந்து தெரியும் மரமே போதும். முதல் இலை உதிர்ந்த நாள், தளிர்த்த நாள், பூத்த நாள், காய்த்த நாள் என்று நான்கு வரிகளை ஆண்டுதோறும் பிள்ளைகள் கையால் எழுதச் செய்யுங்கள். ஆபீசில் வருகைப் பதிவேடு வைக்கும் நமக்கு இது அரிய செயலன்று.

இரண்டு: குடியிருப்பிலுள்ள மரங்களுக்குப் பெயர்ப்பலகை. உரிய அதிகாரியிடம் அனுமதி பெற்று, ஆணி அடிக்காமல், மரத்தருகே தரையில் நடுவோம். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் அருகருகே இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரும் 'மருது' என்று சொல்லக் கேட்போம். மரத்தடிச் சிமெண்டை அகற்றுமாறு சங்கத்தின் பெயரால் ஒரு விண்ணப்பமும் அனுப்புவோம்.

மூன்று: கறிவேப்பிலையும் முருங்கையும். குளிரில் பழுத்து இலை உதிர்ந்து பட்டதுபோல் நிற்கும் கறிவேப்பிலைச் செடி, மாசிக் கடைசியில் மீண்டும் துளிர்ப்பதைக் கண்டு மகிழாத தமிழ்ப் பெண்மணி தில்லியில் இல்லை. இன்று நம் குடியிருப்பில் இருபது வீட்டுச் சாம்பாருக்கு இலை தரும் செடியை நட்டவர், என்றோ மாற்றலாகிப் போய்விட்ட ஒரு குடும்பத்தார். குவார்ட்டர்ஸ் நமக்குச் சொந்தமன்று. அலாட்மெண்ட் முடிந்தால் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டியவர்களே நாம். மரத்தை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டுவதில்லை. அது அடுத்து வருபவருக்குத் தானே இலை கொடுக்கும்.

சித்திரைத் திருநாள் நெருங்குகிறது. வேப்பம்பூப் பச்சடிக்கு ஊரிலிருந்து உலர்ந்த பூ தபாலில் வந்துவிடும் என்று பலர் காத்திருக்கிறோம். தில்லி வேம்பு சில ஆண்டுகளில் புத்தாண்டன்று பூத்து நிற்கும். சில ஆண்டுகளில் அரும்பாகவே இருக்கும். இம்முறை அன்று காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மரத்தடிக்குச் செல்லுங்கள். பூ உதிர்ந்திருந்தால், துணி விரித்துப் பொறுக்கி வாருங்கள். அரும்பாயிருந்தால், அதையே நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். கசப்பும் இனிப்பும் கலந்ததே வாழ்வு என்னும் உண்மையை இலைபோட்டுப் பரிமாறும் நாள் அது. அந்தக் கசப்பு நாம் வாழும் மண்ணிலிருந்தே கிடைக்குமானால், இந்த ஊரும் நம் ஊரே ஆகிவிடும்.