பிரிந்தோர் முகங்களைத் தீட்டியவர்: ஜார்ஜ் சின்னரி



ஆங்கில நாட்டு உருவச் சித்திரக்காரர்களில் ரெயினால்ட்ஸ், கெயின்ஸ்பரோ, லாரென்ஸ் முதலிய பெரும் பெயர்கள் இருக்க, அவர்களை விடுத்து ஜார்ஜ் சின்னரி என்பவரை இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிரிந்து சென்றவரின் முகத்தைப் பிரிவால் வாடுவோருக்கு அளிப்பதே உருவச் சித்திரத்தின் தலையாய தர்மம் என்பதை இவருடைய சரித்திரம் உணர்த்துவதுபோல வேறெவருடைய சரித்திரமும் எனக்கு உணர்த்தியதில்லை.

1774-இல் லண்டன் மாநகரில், எழுத்துக்கலை ஆசிரியராக விளங்கிய பாட்டனாரின் வமிசத்தில் பிறந்த சின்னரி, ராயல் அகாதெமியின் பள்ளியில் பயின்று, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினுக்குச் சென்று, தாம் குடியிருந்த வீட்டு நகை வியாபாரியின் புதல்வி மரியானை 1799-இல் மணந்தார். பெண்ணொன்றும் ஆணொன்றுமாக இரு மக்கள் பிறந்தனர். அவர்கள் தளர்நடை பயிலும் பருவத்திலேயே மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு, கும்பினியாரின் சென்னப்பட்டணத்தில் வசித்த சகோதரர் ஜானை நாடிக் கப்பலேறிய அவர், 1802-ஆம் ஆண்டின் இறுதியில் நம் கடற்கரையில் வந்து இறங்கினார். துறைமுகம் இல்லாத அக்காலத்தில், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து மனிதரை ஏற்றி வந்த மசூலாப் படகுகளும், கட்டுமரங்களும், அவற்றைச் செலுத்திய பரதவரும் அவருடைய சித்திர ஏடுகளில் இடம்பெற்றனர். கோட்டையைச் சூழ வாழ்ந்த உத்தியோகஸ்தர்களின் முகங்களே அவருக்கு ஊதியம் தந்தன.

சென்னையில் 1805-இல் அவர் தீட்டிய ஒரு படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். ஹைதராபாத்தில் கும்பினியின் ரெஸிடெண்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக், அவ்வூர்ப் பிரபு குலத்தில் தோன்றிய கைருன்னிஸாவை மணந்து பெற்ற மக்கள் இருவரையும், ஐந்து வயதுகூட நிரம்பாத காலத்திலேயே கல்விக்காகச் சீமைக்கு அனுப்ப நிச்சயித்தார். கப்பலேறுவதற்காகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அக்குழந்தைகளைச் சின்னரி முழு உருவமாக எழுதினார். படிகளின் மேல், பெரியதொரு திரைச்சீலையின் முன்னே, ஹைதராபாத் அரண்மனை உடையில் இருவரும் நிற்கின்றனர். சிறுவனின் செந்நிற அங்கியில் சரிகை மின்னுகிறது. தமையன் நம்மை நேராக நோக்க, தங்கையின் பார்வையோ கீழே தாழ்ந்திருக்கிறது. ஆடையின் பகட்டுக்கும் முகங்களில் படர்ந்த கலக்கத்திற்கும் உள்ள முரணை மறைக்க அவர் முயலவில்லை. அந்நேர்மையையே இப்படத்தின் பெருஞ்சிறப்பாக நான் கருதுகிறேன்.

அவ்வாண்டே தந்தை கல்கத்தாவில் காலமானார். படம் தாயிடம் போய்ச் சேர்ந்தது. குழந்தைகளோ அவளிடம் திரும்பவே இல்லை. ஞானஸ்நானம் பெற்று, வில்லியம் ஜார்ஜ் என்றும் காதரின் அரோரா என்றும் புதுப்பெயர் தாங்கி அவர்கள் சீமையில் வளர, 1813-இல் அத்தாய் கண்மூடினாள். பல்லாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் ரஸ்ஸல் என்பவருடைய மாளிகையில், வளர்ந்து பெரியவளான காதரின் அப்படத்தைத் தற்செயலாகக் கண்டு கண்ணீர் விட்டாள் என்பதும், பின்னர் அது அவளுக்கே உரிமையாயிற்று என்பதும் அறிந்தோர் நெஞ்சை உருக்கும் செய்திகள்.

இத்தகைய படத்தை எழுதியவர், தம் சொந்த மக்களைக் கண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நாம் மறத்தல் இயலாது. 1807-இல், பிரதம நீதிபதி ஸர் ஹென்றி ரஸ்ஸலின் உருவத்தை எழுதுவதற்காகக் கல்கத்தாவுக்குச் சென்ற சின்னரி, இடையே சில ஆண்டுகள் டாக்காவில் தங்கி, மீண்டும் கல்கத்தாவில் பெரும் புகழும் அதனினும் பெரிய கடனும் ஈட்டினார். மகளும், பின்னர் மனைவியும் அவரைத் தேடி வந்தடைந்தனர். எனினும் குடும்பம் ஒன்றுபட்டு நிலைக்கவில்லை. கடன்காரருக்கு அஞ்சி, டேனியர் ஆட்சியிலிருந்த ஸ்ரீராம்பூரில் ஒதுங்கியவர், 1825-இல் சீனக் கரையிலுள்ள மக்காவுக்கே சென்றுவிட்டார். அந்நிய மாதர் காண்டன் நகருள் புகலாகாது என்ற சீன அரசின் விதியைத் தமக்குக் காவலாகக் கருதி, மனைவி வருவாள் என்ற அச்சம் எழும்போதெல்லாம் அந்நகரை நினைத்து ஆறுதல் கொண்டார் என அவருடைய நண்பர்கள் எழுதிவைத்துள்ளனர். கலைத்திறன் கருதி இக்குற்றத்தை மன்னிக்க என் மனம் ஒப்பவில்லை. கைவிடப்பட்ட அம்மாதரசியின் துயரத்தை எழுத ஒரு சித்திரக்காரர் இல்லாமற் போனார்.

மக்காவில் அவர் கழித்த இருபத்தேழு ஆண்டுகளில் ஜார்டின் முதலிய ஆங்கில வணிகர்களையும், ஹௌக்வா என்னும் சீனப் பெருஞ்செல்வரையும், கண் மருத்துவர் காலெட்ஜையும் எழுதினார். மூக்கின் நிழலிலும் இமையோரத்திலும் அவர் தொட்டு வைக்கும் செந்தூரம் முகங்களுக்கு அளிக்கும் ஜீவகளையைக் கண்டவர் எளிதில் மறவார். ஆயினும், வெளியே சென்று, படகிலேயே வாழ்ந்த டாங்கா மாதரையும், தெருவில் பண்டம் விற்போரையும், கொல்லரையும் பென்சிலால் வரைந்து, ஓரத்தில் கர்னி முறைச் சுருக்கெழுத்தில், எது திருத்தப்பட வேண்டும், எது உள்ளபடி அமைந்தது என்று தமக்குத்தாமே குறித்துக்கொண்ட ஏடுகளிலேதான், கூலியும் முகஸ்துதியும் தீண்டாத அவருடைய கைத்திறன் முழுமையாக விளங்குகிறது என்பது என் துணிபு. காண்டனின் சீன ஓவியர் லாம்க்வாவின் மேல்நாட்டு முறை உருவப்படங்களிலும் சின்னரியின் சாயலைத் தெளிவாகக் காணலாம்.

1852-ஆம் ஆண்டு மே 30-இல் மக்காவிலேயே காலமான அவர், அவ்வூர்ப் புராடெஸ்டண்ட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கணவரை மீண்டும் காணாத மரியான் அவருக்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார். கிர்க்பாட்ரிக் குழந்தைகளின் படம் பல கை மாறி, இன்று ஹாங்காங்கில் ஒரு வங்கியின் உடைமையாக இருக்கிறது. அதைச் சென்னையில் ஒருமுறையேனும் காட்சிக்கு வைக்க ஆவன செய்யுமாறு நம் அருங்காட்சியகத்தாரை இம்மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன்.