அணைந்த விளக்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம்மவர் மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏறிக் கடல் கண்டு களிக்கின்றனர். 1977-இல் எழுந்த அது, அந்நகரின் நான்காவது விளக்கு.

முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள் ஒரு மாளிகை மாடியில் தேங்காயெண்ணெயால் எரிந்தது. அம்மாளிகையே 1948 முதல் கோட்டை அருங்காட்சியகமாயிற்று. மூன்றாவது, உயர் நீதிமன்றக் கோபுர உச்சியில் 1894-இல் அமைந்தது. இடைப்பட்ட இரண்டாவதே என் மனத்தை விட்டகலாதது. நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் அக்கருங்கல் தூண் ஏறத்தாழ 125 அடி உயரமுடையது; 1844 முதல் ஐம்பதாண்டுகள் கப்பல்களுக்கு வழிகாட்டியது. அதனினும் உயர்ந்த கோபுரம் பக்கத்தில் எழவே, பாவம், ஓய்வு பெற்றது!

என் தந்தையார் புகைவண்டி நிலைய விளக்கறையில் பணிபுரிந்தவர். மின்சாரம் வந்ததும் அவர் துடைத்த கைகாட்டி விளக்குகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. ஒன்றையேனும் எடுத்துவைக்க எவருக்கும் தோன்றவில்லை; எனக்குந்தான். அதனாலேயே இதைப் பேசுகிறேன்.

2024-இல் நாட்டின் 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகள் தொடங்கப்பெற்றன. நன்று. அணைந்த விளக்குக்கும் அப்பரிவு வேண்டும். தூணின் குறுகிய படிக்கட்டில் காட்சிப்பொருள் பரப்ப இடமேது? அருகில் கூடம் ஒன்று தேவை. அது தாழ்வாக, தூணை மறையாமல் அமைதல் வேண்டும். பழைய சுண்ணச்சாந்துக் கட்டடத்தில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கேடு விளையும். பழுது பார்ப்போர் அதை மறத்தலாகாது. கூடத்தில் எண்ணெய்க் குடமும் திரியும் மட்டுமன்றி, கண்ணாடி துடைத்தவரின் துணியும் இருக்கட்டும்.

அடுத்த முறை பாரிமுனைப் பக்கம் செல்வோர் அத்தூணைச் சற்றே நின்று நோக்குக.